உரை, துளை, தீ: காசுகளின் உலோகக் கலவையை அறியும் முறைகள் – தொண்டை மண்டலச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பழங்காசுகளின் உலோகக் கலவை பற்றிய அளவீடுகள் தமிழக வரலாற்றாய்வில் வணிகம், நாணயத் தரம், அரசின் பொருளியல் நிலை ஆகியவற்றுக்குச் சான்றாக எடுத்தாளப்படுகின்றன. எனினும், அவ்வளவீடுகள் எம்முறையால் பெறப்பட்டவை, காசின் எப்பகுதியைச் சார்ந்தவை என்பன பல வேளைகளில் கருத்தில் கொள்ளப்படுவதில்லை. தமிழ் இலக்கியங்களும் கல்வெட்டுகளும் பொன்னையும் காசையும் உரைத்தும் துளைத்தும் தீயிலிட்டும் சோதித்ததைப் பதிவு செய்துள்ளன. இன்றைய வேதியியல், இயற்பியல் முறைகளையும் இதே மூன்று வகையில் அடக்கலாம் என்பதையும், ஒரு வகையின் முடிவை மற்றொரு வகையின் முடிவாகக் கொள்வது வரலாற்று முடிவுகளைத் திசைமாற்றும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், உரோமானிய வெள்ளிக்காசுகள் பற்றிய மறு ஆய்வு, ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்தில் வழங்கும் உலோகச் சோதனைக் கருவிகள் ஆகியன இதற்குத் தரவுகளாகின்றன.

திறவுச்சொற்கள்: வண்ணக்கன், பொன்வாரியம், மாற்று, உரையாணி, வாசி, ஊடுகதிர் ஒளிர்வு, மேற்பரப்புச் செறிவு.

1. முன்னுரை

'நாணயம்' என்னும் சொல் தமிழில் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கிறது. நாணயமானவர் என்பவர் சொல்லும் செயலும் ஒத்தவர். நாணயமான காசு என்பது முகத்தில் பொறித்த மதிப்பும் உள்ளிருக்கும் உலோகமும் ஒத்தது. இவ்வொப்பு நிலைத்திருக்கிறதா என்று அறிய வேண்டிய தேவையே காசு நோட்டம் என்னும் தொழிலைத் தோற்றுவித்தது. வணிகனுக்கு அன்று எழுந்த அதே வினா இன்று வரலாற்றாய்வாளனுக்கும் எழுகிறது. வேறுபாடு ஒன்றே. வணிகன் காசை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்தான்; ஆய்வாளன் அக்காசைக் கொண்டு ஒரு காலத்தின் பொருளியலையே முடிவு செய்கிறான். ஆகவே, ஆய்வாளனின் பிழை பெரும் பிழையாகிறது.

சங்ககாலச் செப்புக்காசுகள், மாக்கோதை, குட்டுவன் கோதை பெயர் பொறித்த வெள்ளிக்காசுகள், பல்லவர் காசுகள், சோழர் பொற்காசுகள் எனத் தமிழகக் காசியல் பரந்தது. இரா. கிருஷ்ணமூர்த்தி உள்ளிட்டோரின் முயற்சியால் சங்ககாலக் காசுகள் எழுத்து, சின்னம், எடை என்னும் நோக்கில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. உலோகக் கலவை என்னும் நான்காவது நோக்கு அவ்வளவு சீராக வளரவில்லை. கலவை விழுக்காடு தரப்படும் இடங்களிலும் அது பெரும்பாலும் அட்டவணையின் ஒரு நிரலாக நின்றுவிடுகிறது. அந்த எண்ணை எவ்வாறு படிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2. இலக்கியத்தில் காசு நோட்டம்

சங்கப் புலவர்களுள் வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், வண்ணக்கன் சொருமருங்குமரனார் முதலியோரின் பெயர்களில் 'வண்ணக்கன்' என்னும் தொழிற்பெயர் அமைந்துள்ளது. காசு நோட்டம் செய்பவன் என்று இதற்குப் பொருள் கொள்வர். ஒரே தொழிற்பெயர் பல புலவர்க்கு அடையாக வருதல், அத்தொழில் சமுதாயத்தில் தனித்து அறியப்பட்டிருந்ததைக் காட்டுகிறது. கரூர் அருகே புகலூரில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கருவூரைச் சேர்ந்த பொன் வணிகன் ஒருவனைக் குறிப்பிடுகிறது. உரோமானியக் காசுகள் மிகுதியாகக் கிடைத்த பகுதியிலேயே பொன் வணிகன் பெயரும் கிடைப்பது கருதத்தக்கது.

பொன்னின் தரத்தை அறியும் கல் 'கட்டளை' எனப்பட்டது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் பொன்னை உரைத்துக் காணும் கட்டளைக்கல் உவமையாகிறது. திருக்குறளின் 505ஆம் குறள் மாந்தரின் பெருமை சிறுமைகளை அளக்கும் கட்டளைக்கல்லாக அவர்தம் செயலைக் கூறுகிறது. 267ஆம் குறள் சுடச்சுட ஒளிமிகும் பொன்னைத் தவத்துக்கு உவமையாக்குகிறது. முன்னது உரைத்தறிதல், பின்னது தீயிட்டறிதல். இரண்டும் வேறு வேறு சோதனைகள் என்னும் தெளிவு இவ்வுவமைகளில் உள்ளது. கல்லில் உரைத்தல் பொருளின் தரத்தை மதிப்பிடும். தீ பொருளிலுள்ள கலப்பை நீக்கும்.

பக்தி இலக்கியத்தில் இன்னும் நுட்பமான செய்தி கிடைக்கிறது. வற்கடக் காலத்தில் திருவீழிமிழலையில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு கிடைத்ததையும், சம்பந்தர் பெற்ற காசை மாற்றும்போது வாசி கொடுக்க வேண்டியிருந்ததையும், வாசி நீங்குமாறு அவர் பதிகம் பாடியதையும் பெரியபுராணம் விரிக்கிறது. 'வாசி' என்பது குறைதரக் காசை மாற்றும்போது கழிக்கப்படும் வட்டம். ஒரே இடத்தில், ஒரே நாளில் கிடைத்த இரு காசுகளுள் ஒன்று வாசிபட்டது, மற்றொன்று படவில்லை என்பது இவ்வரலாற்றின் அடிப்படை. ஒத்த பெயருடைய காசுகளும் ஒத்த தரமுடையன அல்ல என்பதைச் சந்தை அறிந்திருந்தது.

3. உத்திரமேரூர்: சோதனையும் சமூகப் பொறுப்பும்

இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடத்துக்குத் தென்மேற்கே அமைந்த உத்திரமேரூர், குடவோலை முறைக்காக நன்கறியப்பட்டது. முதலாம் பராந்தகன் காலத்தைச் சேர்ந்த கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுடன் பஞ்சவார வாரியமும் பொன்வாரியமும் கூறப்படுகின்றன. தேர்தல் முறையை ஆராய்ந்தோர் பலர். பொன்வாரியத்தின் தொழில்நுட்பப் பணியை ஆராய்ந்தோர் சிலரே.

அவ்வூரிலேயே உள்ள மற்றொரு பராந்தகன் காலக் கல்வெட்டு, ஊரார்க்குப் பொன் காண்பவர்களைத் தெரிந்தெடுக்கும் முறையை வகுக்கிறது. அவர்கள் ஊரின் குறிப்பிட்ட பகுதியினரிலிருந்து தெரியப்பட வேண்டும். யாரிடமும் பாகுபாடின்றிப் பொன் காண வேண்டும். உரைகல்லில் படிந்த பொன்துகளை ஒற்றியெடுத்த மெழுகை ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பன அதன் கருத்துகள்.

இங்கு மெழுகு பற்றிய விதி தனிக் கவனத்துக்குரியது. உரைகல்லில் பொன்னைத் தேய்க்கும்போது மிகச் சிறிதளவு பொன் கல்லில் தங்கும். ஒவ்வொருவருடைய பொன்னிலிருந்தும் தங்கும் துகள் அற்பமாயினும், ஆண்டு முழுதும் சேரும்போது அது மதிப்புடைய பொருளாகும். அதைச் சோதிப்பவர் கொள்ளாமல், ஊர்ப் பொதுவான ஏரியின் பொறுப்பாளர்களிடம் சேர்ப்பிக்கச் சபை விதித்தது. எனவே இரு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, உரைத்தறிதல் சிறிதேனும் பொருளை இழக்கச் செய்யும் சோதனை என்பதை அக்காலத்தோர் கணக்கில் கொண்டிருந்தனர். மற்றொன்று, சோதனைக்காக எடுக்கப்படும் பொருள் யாருடையது என்னும் வினாவுக்கு அவர்கள் விடை வகுத்திருந்தனர். இன்றைய ஆய்வகங்களில் தொல்பொருள்களிலிருந்து மாதிரி எடுப்பது பற்றி நடைபெறும் விவாதத்தின் கரு இதுவே.

4. கல்வெட்டுச் சொற்களில் சோதனை முறைகள்

சோழர் கல்வெட்டுகளில் பொன்னைக் குறிக்கும் அடைமொழிகள் வெறும் புகழ்மொழிகள் அல்ல. அவை சோதனை முறைகளைச் சுட்டுவன.

உரை: பொன்னின் தரம் 'மாற்று' என்னும் அலகால் கூறப்பட்டது. தரம் அறிந்த பொன்னை நுனியில் பதித்த உரையாணிகளின் கோட்டையும் சோதிக்க வேண்டிய பொன்னின் கோட்டையும் கல்லில் அருகருகே தேய்த்து நிறத்தால் ஒப்பிடுவது இம்முறை. 'ஆணிப்பொன்' என்று உயர்தரப் பொன்னைச் சொல்லும் வழக்கு இதனோடு தொடர்புடையது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னின் தரம் 'தண்டவாணி' என்னும் நிலையான அளவோடு ஒப்பிடப்பட்டு, அதற்கு எவ்வளவு மாற்றுக் குறைவு என்று கூறப்படுகிறது. எடையும் அவ்வாறே நிலையான கல்லால் அளக்கப்பட்டது. பொன்னுக்கு 'ஆடவல்லான்' என்னும் கல்லும், அணிகளுக்குத் 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் கல்லும் பயன்பட்டன. அளவீட்டுக்கு ஒப்பீட்டுத் தரம் இன்றியமையாதது என்னும் இன்றைய ஆய்வகக் கொள்கை இப்பதிவுகளில் முழுமையாக உள்ளது.

துளை: 'துளைப்பொன்', 'துளைநிறை செம்பொன்' முதலிய வழக்குகள் துளையிட்டுச் சோதித்த பொன்னைக் குறிப்பன. மேலே பொன்னும் உள்ளே வேறு உலோகமும் உள்ள பூச்சுப் பொருளை உரைகல் காட்டிக்கொடுக்காது, துளை காட்டிக்கொடுக்கும். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 உரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவை அரசன் தலையின் குறுக்கே உளியால் வெட்டப்பட்டிருந்தன. செலாவணியிலிருந்து நீக்கவே வெட்டினர் என்பாரும், உள்ளீட்டைச் சோதிக்க வெட்டினர் என்பாரும் உளர். எக்கருத்தை ஏற்பினும், வெட்டிய காசின் உள்ளீடு வெளிப்பட்டுவிட்டது என்பது உறுதி.

தீ: 'தீப்போக்குச் செம்பொன்' என்பது தீயில் புடமிட்டுக் கலப்பு நீக்கப்பட்ட பொன். காரீயத்துடன் உருக்கும்போது செம்பு முதலிய எளிதில் ஆக்சிசனேற்றமடையும் உலோகங்கள் காரீய ஆக்சைடுடன் சேர்ந்து எலும்புச்சாம்பல் மூசையால் உறிஞ்சப்படும். பொன்னும் வெள்ளியும் மணியாகத் தங்கும். முன்னும் பின்னும் நிறுத்தால் கலப்பின் அளவு தெரியும்.

'அன்றாடு நற்காசு', 'வாசிபடா நற்காசு' ஆகிய தொடர்கள் இம்மூன்று சோதனைகளின் சமூக விளைவைக் காட்டுவன. கொடை எழுதியவர்கள் காசின் எண்ணிக்கையை மட்டும் குறிக்காமல், அது அன்று வழங்கும், வட்டம் கழிக்கப்படாத காசாக இருக்க வேண்டும் என்றும் எழுதினர்.

தமிழகத்துக்கு வெளியிலும் இத்தகைய அறிவு நூலாக்கம் பெற்றது. அர்த்தசாத்திரம் வெள்ளிக்காசின் 16 பங்கில் 4 பங்கு செம்பும் 1 பங்கு வன்மை தரும் உலோகமும் சேர்க்கக் கூறுகிறது. எஞ்சிய வெள்ளி 11 பங்கு, அதாவது ஏறத்தாழ 69 விழுக்காடு. தில்லி நாணயச்சாலையில் பணிபுரிந்த தக்குர பேரு 1318இல் இயற்றிய திரவிய பரீட்சை, தம் கைக்கு வந்த பல நாட்டுக் காசுகளின் எடையையும் உலோக அளவையும் தொகுத்துரைக்கிறது.

5. இன்றைய வேதியியல் முறைகள்

5.1 அடர்த்தி காணல்

காசைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து அடர்த்தி காண்பது காசுக்கு ஊறு செய்யாத, எளிய முறை. பொன்னின் அடர்த்தி 19.3, காரீயம் 11.3, வெள்ளி 10.5; செம்பு 8.96, வெள்ளீயம் 7.3 (கன சென்டிமீட்டருக்குக் கிராம்). இரு உலோகங்களே உள்ளன என்று உறுதியானால் அடர்த்தியிலிருந்து விகிதம் கிடைக்கும். ஆனால், எந்த இரு உலோகங்கள் என்பது தெரியாவிடில் கணக்கு ஏமாற்றும். ஒரு பொற்காசின் அடர்த்தி 15.96 எனக் கொள்வோம். கலப்பு வெள்ளியாயின் பொன் 75 விழுக்காடு. கலப்பு செம்பாயின் அதே அடர்த்தி பொன் ஏறத்தாழ 82 விழுக்காடு என்று காட்டும். 7 விழுக்காட்டு வேறுபாடு ஓர் அரசன் காசின் தரத்தைக் குறைத்தானா என்னும் முடிவையே மாற்றப் போதுமானது. வெள்ளிக்காசில் சிக்கல் இன்னும் மிகுதி. செம்பு அடர்த்தியைக் குறைக்கும், காரீயம் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் தூய வெள்ளியின் அடர்த்தியையே காட்டவும் கூடும். ஆகவே, அடர்த்தி தனித்து நின்று தீர்ப்புக் கூறாது; பிற முறைகளின் முடிவைச் சரிபார்க்கவே பயன்படும்.

5.2 கரைத்தறிதல்

ஈரமுறைப் பகுப்பாய்வில் மாதிரி நைட்ரிக் அமிலத்தில் கரைக்கப்படுகிறது. வெள்ளியும் செம்பும் காரீயமும் கரையும். பொன் கரையாது எஞ்சும். வெள்ளீயம் வெண்ணிற நீரேற்ற ஆக்சைடாகப் படியும். கரைசலில் உப்புக் கரைசலைச் சேர்த்தால் வெள்ளி, வெள்ளிக் குளோரைடாக வெண்மையாக வீழ்படியும். அதை உலர்த்தி நிறுத்து வெள்ளியின் அளவைக் கணக்கிடலாம். வடித்த கரைசலில் அம்மோனியா சேர்க்க எழும் ஆழ்ந்த நீலம் செம்பைக் காட்டும். தயோசயனேட்டுக் கரைசலால் தரம்பார்த்து வெள்ளியை அளப்பது நாணயச்சாலைகளில் நெடுங்காலம் வழங்கிய முறை. இவற்றின் சிறப்பு, கரைக்கப்பட்ட மாதிரி முழுவதையும் அளவிடுவது. குறை, மாதிரி அழிவது.

தமிழகக் காசுகளைப் பொறுத்தவரை இக்குறை சட்டத்தோடும் தொடர்புடையது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி நூறாண்டுக்குக் குறையாத காசுகள் தொல்பொருள்கள். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் காசுகளை உருக்குவதையும் அழிப்பதையும் தடை செய்கிறது. எனவே, கல்லூரி ஆய்வகங்களில் இம்முறைகளைப் பயில நிறுத்துக் கலந்த வெள்ளி, செம்புக் கம்பிகளே உரியவை. கலவை முன்னரே தெரிந்திருப்பதால் சோதனையின் பிழையையும் மாணவர் அளக்கலாம்.

5.3 ஊடுகதிர் ஒளிர்வும் புரோட்டான் தூண்டலும்

காசின் மேல் ஊடுகதிர் எனப்படும் எக்ஸ் கதிரைச் செலுத்த, ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுடைய கதிரை வெளியிடும். அவற்றின் செறிவிலிருந்து கலவை கணிக்கப்படுகிறது. ஊடுகதிருக்குப் பதிலாகப் புரோட்டான் கற்றையைப் பயன்படுத்தும் முறையால் புவனேசுவரத்து இயற்பியல் நிறுவனத்தில் முத்திரைக் காசுகள் ஆராயப்பட்டுள்ளன. காசு சிதைவதில்லை, ஒரே அளவீட்டில் பல தனிமங்கள் தெரிகின்றன. இந்நன்மைகளால் இன்று பெருவழக்காகியுள்ள இம்முறை, காசின் மேற்பரப்பிலிருந்து சில பத்து மைக்ரோமீட்டர் ஆழத்தையே பெரிதும் காண்கிறது. அவ்வகையில் இது புதுக்கருவி கொண்ட உரைகல்லே ஆகும்.

6. மேற்பரப்பும் உள்ளீடும்: உரோமானிய வெள்ளிக்காசு தரும் பாடம்

வெள்ளி – செம்புக் கலவைக் காசின் மேற்பரப்பில் வெள்ளி மிகுவதற்கு இரு காரணங்கள் உள்ளன. அச்சிடுமுன் காசுத் தகட்டைச் சூடாக்கும்போது மேலுள்ள செம்பு ஆக்சைடாகும். அதை அமிலத்தன்மையுள்ள நீர்மத்தில் நீக்கினால் வெண்மையான வெள்ளி மேற்பரப்பு கிடைக்கும். இது நாணயச்சாலையின் செயல். பின்னர் மண்ணில் புதைந்த காசிலிருந்து நூற்றாண்டுக் கணக்கில் செம்பு கரைந்து நீங்கும். இது மண்ணின் செயல். இரண்டும் ஒரே திசையில் காசின் தோற்றத் தரத்தை உயர்த்துகின்றன.

இதன் விளைவைத் தெளிவாகக் காட்டுவது நீரோவின் நாணயச் சீர்திருத்தம் பற்றிய மறு ஆய்வு. கி.பி. 64இல் நீரோ, ஓர் உரோமானியப் பவுண்டு எடைக்கு 84 தெனாரியசு என்றிருந்ததை 96 ஆக்கினான். 1970களில் வாக்கர் மேற்பரப்பில் ஊடுகதிர் ஒளிர்வு முறையால் அளந்தபோது, சீர்திருத்தத்துக்குப் பிந்திய காசில் வெள்ளி ஏறத்தாழ 93 விழுக்காடு எனக் கிடைத்தது. பின்னர் கெவின் புட்சர், மத்தேயு பான்டிங் ஆகியோர் காசின் விளிம்பில் நுண்துளையிட்டு உள்ளீட்டை எடுத்துப் பகுத்தபோது அது ஏறத்தாழ 80 விழுக்காடாகவே இருந்தது. உரை காட்டிய முடிவைத் துளை திருத்தியது.

இத்திருத்தம் தமிழக வரலாற்றை நேரடியாகத் தொடுகிறது. தென்னிந்தியப் புதையல்களில் கிடைக்கும் தெனாரியசுகளில் அகசுடசு, திபேரியசு ஆகியோரின் இரு வகைக் காசுகளே மிகுதி. நீரோவின் சீர்திருத்தத்துக்குப் பிந்திய வெள்ளிக்காசுகள் அருகியே கிடைக்கின்றன. முந்திய காசின் தரம் 98 விழுக்காடு எனக் கொண்டு ஒரு காசிலுள்ள வெள்ளியைக் கணக்கிடலாம். வாக்கரின் எண்ணைக் கொண்டால், எடைக் குறைவும் தரக் குறைவும் சேர்ந்து ஒரு காசின் வெள்ளி ஏறத்தாழ 17 விழுக்காடு குறைகிறது. புட்சர், பான்டிங் எண்ணைக் கொண்டால் 29 விழுக்காடு குறைகிறது. முதற் கணக்கில் இழப்பின் பெரும்பகுதி எடையால் வந்தது. அதைத் தராசு கொண்ட எவனும் அறிவான். இரண்டாம் கணக்கில் எடையால் அறிய முடியாத இழப்பே பெரிது. அதை அறிய வண்ணக்கன் வேண்டும்.

இப்புதையல் அமைப்புக்குக் காசின் தரம் ஒன்றே காரணம் என்று முடிவு கட்டலாகாது. ஏற்றுமதிக்கெனக் காசுகள் உரோமானியப் பகுதியிலேயே தெரிந்தெடுக்கப்பட்டிருக்கலாம். வணிகப் பொருள்களின் மாற்றமும் பங்கு கொண்டிருக்கலாம். ஆயினும், தமிழகச் சந்தை தரமறிந்து காசைத் தெரிந்தேற்றது என்னும் கருத்து மேற்பரப்பு அளவீட்டைக் காட்டிலும் உள்ளீட்டு அளவீட்டால் வலுப்பெறுகிறது. வண்ணக்கன் என்னும் தொழிற்பெயர் அதற்குத் தமிழ்ப்பக்கச் சான்றாகிறது.

இதே எச்சரிக்கை பிற இடங்களுக்கும் பொருந்தும். முத்திரைக் காசின் மேற்பரப்பில் அர்த்தசாத்திரம் கூறும் 69 விழுக்காட்டினும் வெள்ளி மிகுந்து காணப்பட்டால், நூல்விதி பின்பற்றப்படவில்லை என்று உடனே கூறலாகாது. மாக்கோதை வெள்ளிக்காசுகள் உரோமானியக் காசுகளை உருக்கிச் செய்யப்பட்டவையா என்னும் வினாவுக்கும் வெள்ளியின் விழுக்காடு மட்டும் விடை தராது. வெள்ளியோடு வரும் பொன், பிசுமத்து, காரீயம் ஆகியவற்றின் நுண்ணளவுகளை இரு வகைக் காசுகளின் உள்ளீட்டிலும் ஒப்பிட வேண்டும். பல மூலங்களின் வெள்ளி கலந்து உருக்கப்பட்டிருந்தால் அந்த ஒப்பீடும் மங்கும்.

7. தொழில் வழித்தடக் கருவிகளும் காசியலும்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆகிய சிப்காட் பகுதிகள் ஊர்தித் தொழிலின் மையங்கள். எஃகு, அலுமினியக் கலவைகளின் தரத்தை உறுதி செய்யும் உலோகச் சோதனை இத்தொழிலின் அன்றாடப் பணி. காசியல் ஆய்வாளனுக்கு வேண்டிய கருவிகள் உத்திரமேரூரும் காஞ்சியும் அமைந்த இதே நிலப்பரப்பில் இன்று வழக்கில் உள்ளன. இவ்வாய்ப்பைப் பயன்படுத்துவதில் மூன்று வேறுபாடுகளை உணர வேண்டும்.

முதலாவது, தொழிற்கூடங்களில் வழங்கும் பொறி ஒளி உமிழ்வு நிறமாலைமானி மின்பொறியால் உலோகத்தின் மேற்பரப்பை எரித்து அளவிடுகிறது. சில மில்லிமீட்டர் அகல எரிவடு வார்ப்புத் துண்டில் பொருட்டன்று. சங்ககாலச் சிறு செப்புக்காசில் அது எழுத்தையோ சின்னத்தையோ அழித்துவிடும். காசுக்கு இக்கருவி ஆகாது.

இரண்டாவது, கையடக்க ஊடுகதிர்க் கருவிகள் தம்முள் பதிவான இன்றைய கலவை வகைகளோடு அளவீட்டை ஒப்பிட்டு ஒரு தரப்பெயரைக் காட்டும். பழங்காசு அவ்வகைகளுள் எதிலும் அடங்காது. காரீயமும் வெள்ளீயமும் மிகுந்த செப்புக்காசுக்குக் கருவி ஏதோ ஒரு நவீன வெண்கலப் பெயரைச் சூட்டக்கூடும். தரப்பெயரை விடுத்து, தனிம அளவுகளையும் மூல நிறமாலையையும் பெற வேண்டும்.

மூன்றாவது, தொழிற்கூட உலோகம் புதியது, ஒருபடித்தானது, தேய்த்துத் தூய்மை செய்யத்தக்கது. காசு துருவேறியது, காரீயம் செம்பில் கரையாது துளித்துளியாகப் பிரிந்திருப்பதால் இடத்துக்கு இடம் கலவை மாறும். ஓரிடத்து அளவீடு போதாது.

இவற்றை எதிர்கொள்ள எளிய வழி, கலவை தெரிந்த காசுகளை ஒப்பீட்டுக்குக் கொள்வது. 1939 வரை வெளிவந்த ஒரு ரூபாய் வெள்ளிக்காசு 91.7 விழுக்காடு வெள்ளி உடையது. 1940 முதல் 1945 வரை வெளிவந்தது வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 விழுக்காடு கொண்ட நாற்கலவை. இவ்விரண்டையும் ஊறின்றி அளந்து, சட்டப்படியான தரத்தோடு ஒப்பிட்டால், தேய்ந்த காசிலும் தேயாத காசிலும் மேற்பரப்பு எவ்வளவு விலகிக் காட்டுகிறது என்பது வெளிப்படும். தஞ்சையில் தண்டவாணி செய்த பணியை ஆய்வகத்தில் இக்காசுகள் செய்யும்.

8. சொல்லாட்சிச் சிக்கல்

காசின் கலவையைத் தமிழில் எழுதும்போது எழும் மற்றொரு சிக்கல் 'ஈயம்' என்னும் சொல். பாத்திரத்துக்கு ஈயம் பூசுதல், ஈயச்சொம்பு ஆகிய வழக்குகளில் அது வெள்ளீயம். ஈயக்காசு என்னும் காசியல் வழக்கில் அது காரீயம். சாதவாகனர் காரீயக் காசுகளைப் பற்றிய ஒரு குறிப்பில் ஈயம் என்று மட்டும் எழுதினால், வேதியியல் அட்டவணையோடு ஒப்பிடுவோர் வெள்ளீயம் எனக் கொள்ள இடமுண்டு. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தது வெண்கலம். துத்தநாகம் சேர்ந்தது பித்தளை. வெள்ளீயமும் காரீயமும் மிகுந்த செப்புக் கலவையைக் காசியலார் பொட்டின் என்பர். பச்சைக் களிம்பேறிய காசைக் கண்ணால் கண்டு இவற்றுள் ஒன்றின் பெயரைச் சூட்டுவது முறையன்று. அளவீடு இல்லாவிடத்துச் 'செம்புக் கலவை' என எழுதுவதே பொருந்தும்.

9. பதிவு நெறிகள்

காசின் கலவையை வெளியிடும் தமிழாய்வுகள் குறைந்தது பின்வரும் செய்திகளை உடன் தருதல் வேண்டும்.

1. காசு கிடைத்த இடமும் சூழலும். அருங்காட்சியகக் காசாயின் அதன் பதிவெண்.
2. எடை, அடர்த்தி, மேற்பரப்பின் நிலை. முன்னர் வேதிமுறையில் தூய்மை செய்யப்பட்டதா என்பது.
3. சோதனை முறை, அது உரை, துளை, தீ என்னும் மூவகையுள் எதனைச் சார்ந்தது என்பது.
4. அளக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையும் அவற்றிடையேயான வேறுபாடும்.
5. ஒப்பீட்டுத் தரமாகக் கொண்ட கலவை.
6. கூட்டுத்தொகை 100க்குச் சரிசெய்யப்பட்டதா என்பது. காணப்படாத தனிமங்களுக்குக் கருவியின் அறிதல் எல்லை.
7. மாதிரி எடுக்கப்பட்டிருப்பின் அதன் எடை, பெற்ற ஒப்புதல், எஞ்சிய மாதிரி இருக்கும் இடம்.

இரண்டாவது செய்தியில் வரும் தூய்மைப் பணி அருங்காட்சியகங்களோடு தொடர்புடையது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தோன்றிய வேதியியல் ஆய்வகம் உலோகப் பொருள்களின் துருநீக்கத்தில் முன்னோடி. அமிலத்தாலோ மின்பகுப்பாலோ தூய்மை செய்யப்பட்ட காசின் மேற்பரப்பு, மண்ணிலிருந்து எடுத்த காசின் மேற்பரப்பினின்றும் வேறானது. பராமரிப்புப் பதிவேட்டைக் காணாமல் மேற்பரப்பு அளவீட்டை விளக்க முடியாது. ஏழாவது செய்தி, உத்திரமேரூர்ச் சபை மெழுகுக்கு விதித்த கணக்கின் இன்றைய வடிவம்.

10. முடிவுரை

வண்ணக்கன் முதல் பொன்வாரியம் வரையிலான தமிழ்ச் சான்றுகள், காசின் தரம் அதன் தோற்றத்தால் அறியப்படுவதன்று, முறையான சோதனையால் அறியப்படுவது என்னும் கொள்கையைக் கொண்டிருந்தன. உரை, துளை, தீ என்னும் மூவகையும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை தருவன. உரை மேற்பரப்பைச் சொல்லும். துளை உள்ளீட்டைச் சொல்லும். தீ முழுமையைச் சொல்லிப் பொருளை மாற்றிவிடும். இன்றைய ஊடுகதிர்க் கருவி, நுண்துளைப் பகுப்பாய்வு, கரைத்தறிதல் ஆகியனவும் இவ்வாறே வேறுபடுகின்றன. நீரோவின் காசில் 93க்கும் 80க்கும் இடையே நிகழ்ந்த மாற்றம் கருவியின் பிழையால் வந்ததன்று. மேற்பரப்பின் விடையைக் காசின் விடையாகக் கொண்டதால் வந்தது.

தமிழகக் காசுகளில் தரம் உயர்ந்தது, தாழ்ந்தது என்னும் முடிவுகள் இனி எழுதப்படும்போது, எந்தச் சோதனையால் அது பெறப்பட்டது என்பது உடன் கூறப்பட வேண்டும். ஏற்கெனவே வெளியான மேற்பரப்பு அளவீடுகளை ஒதுக்க வேண்டுவதில்லை. அடர்த்தியோடு ஒப்பிட்டு அவற்றுள் நம்பத்தக்கவற்றைப் பிரித்தெடுக்கலாம். அப்பணிக்கு வேதியியல் துறையும் தமிழ்த்துறையும் ஒருங்கே வேண்டும். கலவையை அளப்பது முன்னதன் கடமை. மாற்று, வாசி, துளை ஆகிய சொற்களின் வழியே அவ்வளவு அக்காலத்தார்க்கு என்ன பொருள் தந்தது என்று விளக்குவது பின்னதன் கடமை.